ஏலக்காய் ஒன்று, நிலை நன்று

செல்வலட்சுமி செத்து ஐந்து மாதம் கழித்து, அவளுடைய நிறம் சரியில்லை என்று ஒரு கடிதம் வந்தது.

அனுப்பியது மலையோரத் தொழிலாளர் ஸ்மரணா சமிதி. மேலே மலையாளம், கீழே தமிழ். தமிழ்ப் பகுதியை எழுதியவர் யாரோ, வஞ்சகமில்லாமல் எழுதியிருந்தார். 'தாங்கள் சமர்ப்பித்த புகைப்படத்தில் மரித்தவரின் நிறம் திருப்திகரமாக இல்லை. மரித்தவரைத் திருத்தி, உரிய நிறத்தில், பதினைந்து தினங்களுக்குள் ஹாஜராக்கவும்.' அதன் கீழ் கையெழுத்து, முத்திரை, முத்திரையின் மேல் இன்னொரு கையெழுத்து.

பாண்டீஸ்வரன் குமுளி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். செல்வலட்சுமி அவன் பெண்டாட்டி. கடைக்குச் 'செல்வி டிஜிட்டல்ஸ்' என்று பெயர் வைத்ததும் அவளை நினைத்துத்தான். கடிதத்தை இரண்டு தடவை படித்தான். மரித்தவரைத் திருத்தி என்ற இடத்தில் இரண்டு தடவையும் கண் நின்றது. உயிரோடு இருந்தபோதே செல்வியை யாராலும் திருத்த முடிந்ததில்லை.

சமிதியைக் குறை சொல்லக்கூடாது. ஆடிச் சாரலில், பனி கண்ணை மறைத்த ஒரு காலையில், வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடைக்குப் பெண்களை ஏற்றிப்போன ஜீப் ஒன்று வளைவில் கீழே போனது. ஒன்பது பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேர். ஏழு பெண்கள் போய்விட்டார்கள். அந்த வளைவில் தடுப்புச் சுவர் வேண்டும் என்று ஊரார் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு மண் பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது, இன்னமும். ஏழு பேருக்கும் நினைவு மண்டபம் கட்டி உள்ளே அவர்கள் படங்களை மாட்டுவது என்று அரசாங்கம் முடிவு செய்தபோது மண் பரிசோதனை எதுவும் தேவைப்படவில்லை. பதினாறாம் நாளுக்குள் சமிதி பிறந்துவிட்டது. ஏழு பேருக்குப் பதினோரு உத்தியோகஸ்தர்கள். ஒருத்திக்கு ஒன்றரை ஆள் வீதம் கவனித்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது ஏழு பேருக்கும் சேர்த்துக்கூட ஒரு ஆள் இருந்ததில்லை.

மண்டபத்தில் செல்வியின் படம் வரவேண்டும். அவள் நிறத்தில் வரவேண்டும். பாண்டீஸ்வரனுக்கு வேண்டியது இவ்வளவுதான். பிள்ளை குட்டி கிடையாது. அவள் இருந்தாள் என்பதற்கு ஊரில் வேறு சுவர் கிடையாது.

இந்த நிற விவகாரத்தில் செல்விக்கும் பழைய சம்பந்தம் உண்டு. கல்யாண ஆல்பத்தில் நிறம் பிசகினால் பெண் வீட்டார் சும்மா விடமாட்டார்கள். அரக்குச் சேலை ரோஸ் ஆகிவிடும், மாப்பிள்ளையின் சந்தனச் சட்டைக்குக் காமாலை வந்துவிடும். படம் சரியாக இருந்தாலும், அதைத் திருத்துகிற லேப்டாப்பின் திரை பொய் சொன்னால் எல்லாம் போச்சு. பெரிய ஊர் ஸ்டுடியோக்களில் திரையைச் சரிபார்க்க, கணினி மவுஸ் மாதிரி ஒரு கருவி வைத்திருப்பார்கள். திரைமேல் தொங்கவிட்டால் அது நிறங்களை அளந்து, கூட்டிக் குறைத்துக் கொடுக்கும். பாண்டீஸ்வரனிடம் செல்வி இருந்தாள்.

இருபத்திரண்டு வருஷம் ஏலக்காய் தரம் பிரித்தவள். மற்றவர்களுக்குப் பச்சை என்றால் பச்சை. அவளுக்கு நேற்றைய பச்சை வேறு, இன்றைய பச்சை வேறு. சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கி நேரே கடைக்கு வருவாள். அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்து வைவாள்.

"ஏன்யா, இந்தப் பிள்ளைக்கு என்ன காய்ச்சலா? முகத்துல இம்புட்டு மஞ்சளை அப்பி வச்சிருக்க. கொறைய்யா."

ஒருநாள் ஒரு காயைக் கொண்டுவந்து விசைப்பலகை மேல் வைத்தாள். "இதைப் போட்டோ எடு. திரையில இருக்க காயும் கையில இருக்க காயும் ஒண்ணா இருந்தா ஒன் லேப்டாப் யோக்கியம். இல்லேன்னா அது பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

அன்றைக்கு அவன் பொத்தான்களை அழுத்த அழுத்த, அவள் கூட்டு, கொறை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டு காயும் ஒன்றானபோது அந்த நிற அமைப்பை லேப்டாப்பில் பதிந்து வைத்தான். அதற்குச் 'செல்வி' என்று பெயர் கொடுத்தான். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் முதல் படம் மணப்பெண் ஒரு ஏலக்காயைப் பிடித்திருக்கும் படம். அந்தக் காயை வைத்துத்தான் மற்ற படங்களின் நிறத்தைத் திருத்துவான். குமுளிப் பக்கத்தில் இது ஒரு சம்பிரதாயம் போலிருக்கிறது என்று வெளியூர்ச் சம்பந்திகள் நினைத்துக்கொண்டு, பெண்ணைக் கிழக்கே பார்த்து நிற்கச் சொல்வார்கள்.

காயைப் பழைய கறுப்பு ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். வெயிலில் வைத்தால் ஏலக்காய் வெளுத்துவிடும். "இருட்டுல இருந்தாத்தான்யா காய்க்கு உசுரு" என்பாள். மாதம் பிறந்தால் பழைய காய் டீயில் விழும், புதுக்காய் டப்பாவுக்குள் போகும்.

கடைசியாக ஆனி மாதக் கடைசியில் ஒரு காய் கொண்டுவந்தாள். அவன் புது லென்ஸைச் சோதித்துக்கொண்டிருந்தான். கடை வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டி, "இந்தா ஒன் காயி, பிடி. காலெல்லாம் வலிக்குது" என்றாள். அவன் கேமராவை எடுத்தான். எரிச்சலும் சிரிப்புமாக ஒரு முகம், நீட்டிய கை, கையில் ஒரு காய். ஊர்ப் பெண்களையெல்லாம் அழகாகப் படம் பிடித்தவனிடம் சொந்தப் பெண்டாட்டியின் நல்ல படம் அது ஒன்றுதான். பன்னிரண்டாம் நாள் ஜீப் கவிழ்ந்தது.

காய் டப்பாவில் இருந்தது. சமிதிக்குப் படம் கொடுப்பதற்காக டப்பாவை ஒரே ஒரு தடவை திறந்தான். திரையில் அவள் கையிலிருந்த காயையும் தன் கையிலிருந்த காயையும் சேர்த்துப் பார்த்து, அணுவளவும் பிசகாமல் படத்தைத் திருத்தினான். காய் சரியாக இருந்தால் முகமும் சரியாக இருக்கும். வெயிலில் கறுத்த நெற்றி, சேலைத் தலைப்பால் மூடி மூடிக் கொஞ்சம் வெளுத்த காதோரம், கன்னத்தில் அந்தத் தேன் நிறம். எல்லாம் அவளேதான். அந்தப் படத்துக்குத்தான் இந்தக் கடிதம்.

லேப்டாப்பையும் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு சமிதிக்குப் போனான்.

'நிற நிர்ணயப் பிரிவு' என்று பலகை தொங்கிய அறையில் ஷீனா என்ற இளம் பெண் இருந்தாள். பிரிவின் குமாஸ்தா. நல்ல மாதிரி. நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னாள்.

"சேட்டா, படம் நல்ல படமாத்தான் இருக்கு. பக்ஷே எங்க திரையில இவங்க நீலமாயிட்டு தெரியுறாங்க."

மேசைமேல் இருந்த திரையைப் பார்த்தான். செல்வி கத்தரிக்காய் நிறத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திறந்திருந்த வேறொரு படத்தில் சமிதித் தலைவர், அத்யக்ஷன் ஈஸ்வரனும் கத்தரிக்காய் நிறத்தில்தான் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். விளக்கின் சுடர்கூட நீலம்.

"திரைதாம்மா கெட்டுப்போச்சு" என்றான் பாண்டீஸ்வரன்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து பின்சி மேடம் எழுந்து வந்தார். அவர்தான் பிரிவின் தொழில்நுட்ப அதிகாரி.

"திரை கெடலை. அது மூலத்திரை. சர்க்கார் முறைப்படி டெண்டர் வச்சு வாங்கினது. அதில எது தெரியுதோ அதுதான் நிறம். மத்ததெல்லாம் அபிப்பிராயம்."

"வெளியில தேயிலை பச்சையாத்தான மேடம் இருக்கு?"

"தேயிலை எங்க பிரிவில வராது."

ஒரு படிவம் கொடுத்தார்கள். மரித்தவரின் நிறம் பற்றி நிரப்ப மூன்று காலம். பிறந்தபோது. திருமணத்தின்போது. மரிக்கும்போது. முதலாவதில் 'கேட்டுச் சொல்ல ஆள் இல்லை' என்று எழுதினான். இரண்டாவதில் 'மஞ்சள் பூசியிருந்தது' என்று எழுதினான். மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது. அரசு ஆஸ்பத்திரி மேசையில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. செம்மண் அப்பிய முகம், நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு ஏலச் செடி இலை. அந்த இலையை எடுத்துவிட்டவன் அவன்தான். சமிதி அலுவலகத்தில், நாலு பேர் பார்க்க, உட்கார்ந்து அழுதான்.

ஷீனா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "காலம் காலியா கிடந்தா அபேக்ஷை ஃபாரம் எடுக்கமாட்டாங்க சேட்டா. என்னவாச்சும் எழுதுங்க."

'தெரியும்' என்று எழுதினான். காலம் நிரம்பியிருந்ததால் ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்தது லேப்டாப். மூலத்திரைக்கு ஒத்துப்போகாத லேப்டாப்பில் திருத்திய படத்தைச் சமிதி ஏற்காது, அதனால் லேப்டாப்பை முதலில் ஒத்துப்போக வைக்கவேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் கொடுப்பதும் இதே பிரிவுதான் என்றார் பின்சி மேடம். திரையை அளக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டான். கண்ணாடி பீரோவைக் காட்டினார். உள்ளே பெட்டி பிரிக்காமல் ஒரு கருவி, பெட்டியின் மேல் சந்தனப் பொட்டு, காய்ந்துபோன மாலை.

"உத்காடனம் ஆகலை. திறந்து வைக்க மந்திரி தேதி கிடைக்கலை. அதுவரைக்கும் நாங்க கண்ணால செய்றோம்."

லேப்டாப்பை மூலத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளைத் தாள் ஒன்றின் படத்தை இரண்டிலும் திறந்தார். லேப்டாப்பில் தாள் வெள்ளையாக இருந்தது. அது தவறு. சிவப்பைக் கொஞ்சம் கூட்டினார், பச்சையைக் குறைத்தார், நீலத்தை வாரி ஊற்றினார். அரைமணி நேரத்தில் இரண்டு தாளும் ஒரே மாதிரி கத்தரிக்காய் நிறமானது. பிரிவு முழுதும் எழுந்து வந்து பார்த்தது. ஒருவர் கை தட்டினார்.

'செல்வி' என்ற பழைய அமைப்பை அழித்துவிடலாமா என்று லேப்டாப் கேட்டது. அந்த அலுவலகத்தில் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் கேட்டுச் செய்தது அது ஒன்றுதான். பாண்டீஸ்வரன் "மேடம், அதை மட்டும்…" என்று கையை நீட்டுவதற்குள் பின்சி மேடம் ஆமாம் என்பதை அழுத்திவிட்டார்.

"ஒரே லேப்டாப்பில ரெண்டு சத்தியம் இருக்கக்கூடாது" என்றார்.

அமைப்பு போனாலும் காய் இருக்கிறதே என்று பாண்டீஸ்வரன் மனதைத் தேற்றிக்கொண்டான். காய் இருக்கும்வரை எந்தத் திரையையும் வழிக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்த நிம்மதியில்தான் அவன் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தான். டப்பாவை எடுத்துத் திறந்து, காயைப் படத்தின் பக்கத்தில் வைத்து, செல்வியின் முறையைப் பின்சி மேடத்துக்கு விளக்கினான். உண்மை தன் பக்கம் இருக்கிறது என்று நினைப்பவன் அலுவலகங்களில் இப்படித்தான் உளறிவிடுகிறான்.

பின்சி மேடம் கண் விரியக் கேட்டார். கேலி செய்யவில்லை. உண்மையிலேயே சந்தோஷப்பட்டார்.

"இது சயன்டிஃபிக். படத்தில உள்ள அதே காயா? அப்போ இது சாட்சி. சமிதிக்குக் கிடைச்ச முதல் பௌதிக சாட்சி. ஷீனா, ஒரு கவர் எடு."

"மேடம், அது… அத நான் கொண்டுபோறேன் மேடம்."

"சாட்சியை அபேக்ஷகன் கையில கொடுக்க முடியாது. நீங்க மாத்திட்டா?"

கண்ணாடித்தாள் உறையில் காயைப் போட்டு, 'மூலக்காய் – 1' என்று சீட்டு ஒட்டி, தெற்குப் பார்த்த ஜன்னலில் மாட்டினார்கள். வெயில் நேராக வந்து அதன்மேல் விழுந்தது.

"வெயில் பட்டா வெளுத்துரும் மேடம். டப்பாவுக்குள்ள வைங்க. இருட்டுல வைங்க, கும்பிடுறேன்."

"சர்க்கார் ஆபீஸில எதையும் இருட்டில வைக்க முடியாது" என்றார் பின்சி மேடம், சற்று வருத்தத்தோடு. "எல்லாம் டிரான்ஸ்பரன்ட்டா இருக்கணும். யார் வந்தாலும் பார்க்கணும்."

பொதுஜனம் பார்க்கும் நாள் புதன்கிழமை. பாண்டீஸ்வரன் எல்லாப் புதன்கிழமையும் போனான். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவன் மாதிரி சட்டையை மாற்றிக்கொண்டு போனான். தையும் மாசியும் சாரல் இல்லாத மாதங்கள், வெயில் சுத்தமாக அடிக்கும். முதல் புதனில் காயின் முதுகில் பளபளப்பு போயிருந்தது. மூன்றாவதில் காம்புப் பக்கம் மஞ்சள் ஏறியிருந்தது. ஐந்தாவதில், செல்வி பார்த்திருந்தால் கழிவுக் கூடையில் எறிந்திருப்பாள்.

நடுவில் ஒரு மனு கொடுத்தான். ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி போட வேண்டும், துணியைத் தானே கொண்டுவருகிறேன் என்று. பதில் வந்தது. திரைச்சீலை தளவாடப் பிரிவைச் சேர்ந்தது என்பதால் மனு அங்கே அனுப்பப்பட்டது என்றும், தனியார் துணியைச் சர்க்கார் ஜன்னலில் போட விதி இல்லை என்றும், மனுதாரரின் அக்கறைக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள்.

ஏழாவது வாரம் நிர்ணயக் கூட்டம் நடந்தது. உறுப்பினர்கள் மூன்று பேர். ஒருவர் சாப்பிடப் போயிருந்தார். மற்ற இருவரும் காயையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து ஏகமனதாக முடிவெடுத்தார்கள். அதன் நகல் பாண்டீஸ்வரனுக்குத் தபாலில் வந்தது.

'படத்தில் உள்ள காய் பச்சை. மூலக்காய் வைக்கோல் நிறம். இரண்டும் பொருந்தவில்லை. மூலக்காய் சமிதியின் பாதுகாப்பில் இருந்துவந்ததால் அதில் பிழை ஏற்பட வாய்ப்பில்லை. ஆகவே பிழை படத்தில் உள்ளது. மூன்று தினங்களுக்குள் படத்தை மூலக்காய்க்குப் பொருந்தும்படி திருத்தாவிட்டால், மேற்படி மரித்தவரின் இடத்தில் மாதிரித் தொழிலாளியின் படம் வைக்கப்படும்.'

மாதிரித் தொழிலாளியின் படத்தை அவன் சமிதி வராந்தாவில் பார்த்திருக்கிறான். வெள்ளைவெளேரென்று, முதுகில் கூடையோடு, முத்துப் பல் தெரியச் சிரிக்கும் யாரோ ஒரு மாடல் பெண். அவள் கீழே 'கே. செல்வலட்சுமி' என்று எழுதிவிடுவார்கள். சமிதி சொன்னால் செய்யும்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனான். காயை வெளியே விட மாட்டார்கள் என்பதால் ஜன்னல் பக்கத்தில் மேசை போட்டுக் கொடுத்தார்கள். ஷீனா டீ வைத்துவிட்டுப் போனாள். உறையில் இருந்த காயைப் பார்த்து, திரையில் அவள் கையிலிருந்த காயின் பச்சையைக் குறைக்க ஆரம்பித்தான். படத்தில் ஒரு மூலையை மட்டும் மாற்றுவது மோசடி, முழுப் படத்தையும்தான் மாற்றவேண்டும் என்று பின்சி மேடம் சொல்லியிருந்தார். காய் வெளுக்க வெளுக்க அவள் முகமும் வெளுத்தது. நெற்றியின் கறுப்பு போயிற்று. காதோரமும் கன்னமும் ஒன்றாயின. அந்தத் தேன் நிறம் எந்த நிமிஷம் போனது என்று தெரியவில்லை. இருபது தடவையாவது நிறுத்தினான். நிறுத்தும்போதெல்லாம் வராந்தாவிலிருந்த முத்துப் பல்காரி ஞாபகத்துக்கு வந்தாள். மறுபடி குறைத்தான். ஒருத்தியைக் கையால் அழிப்பதற்கு இவ்வளவு பொறுமை தேவைப்படும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

முடித்ததும் பின்சி மேடம் கூப்பிடாமலே வந்து பார்த்தார். "ஆஹா! இப்பத்தான் முகம் வந்திருக்கு. என்ன ஒரு ஐஸ்வரியம்! நீங்க முதல்லயே இப்படிக் கொண்டுவந்திருக்கலாமே" என்றார். அன்றே மூன்று முத்திரை விழுந்தது.

பங்குனியில் மண்டபம் திறந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சமிதியே ஜீப் ஏற்பாடு செய்திருந்தது. ஒரு ஜீப்புக்கு இருபது பேர். அதே வளைவில் திரும்பி, பத்திரமாக வந்து சேர்ந்தார்கள்.

அத்யக்ஷன் ஈஸ்வரன் பேசினார். இதற்கு முன் மூன்று சமிதிகளை நடத்திய அனுபவஸ்தர், குரல் தழுதழுக்க வேண்டிய இடங்களெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"என் அன்புச் சகோதரிகளே! இந்த ஏழு பேரும் உயிரோட இருந்தப்ப இவங்க முகத்த யார் பாத்தாங்க? நான் பாத்தேனா? இல்லை. ஒளிவு மறைவில்லாம சொல்றேன், நான் பாக்கல. ஆனா இன்னைக்கு? எத்தனை கமிட்டி, எத்தனை ஃபைல், எத்தனை ஆபீசர், இவங்க முகத்தையே மாசக்கணக்காப் பாத்திருக்கோம்! வெயிலும் மழையும் இவங்ககிட்டருந்து பறிச்ச நிறத்த சமிதி திருப்பிக் கொடுத்திருக்கு. சிலர் கேக்கறாங்க, வளைவுல சுவர் எங்கன்னு. நான் கேக்கறேன், அந்தச் சுவர்ல படம் மாட்ட முடியுமா? இந்த மண்டபத்துச் சுவரப் பாருங்க. ஏழு படம்தான் மாட்டியிருக்கோம். இன்னும் இருபது படத்துக்கு இடம் விட்டிருக்கோம். தூரதிருஷ்டி! இது தற்காலிகமான அன்பு இல்ல, தாய்மாரே!"

கை தட்டினார்கள். ஜீப் திரும்பக் கிளம்பும்முன் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்று அறிவித்தார்கள். அதற்கும் கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு குருவம்மாள் உள்ளே வந்தாள். செல்வியோடு ஒரே மேசையில் காய் பிரித்தவள், அதே ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து போனவள், காலில் கம்பி வைத்துப் பிழைத்தவள். அவளுக்கு எழுதப் படிக்க வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் போனாள். ஒவ்வொரு முகத்தையும் தொட்டுப் பெயர் சொன்னாள். ஒரு முகத்தில் இருந்த மருவைத் தொட்டுப் பார்த்து, "அட பாவி மகளே" என்றாள். ஆறு பெயர் சொன்னாள். ஒரு படத்தின் முன்னால் மட்டும் கொஞ்சம் நின்று, யாரோ என்று நகர்ந்தாள். கடைசிப் படத்தையும் தாண்டி, காலியாக விட்டிருந்த இருபது இடத்தையும் சுவர் முடியும்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"ஏண்ணே, நம்ம செல்விய மட்டும் விட்டுட்டாங்களே" என்றாள்.

பாண்டீஸ்வரன் அந்த ஒரு படத்தைப் பார்த்தான். எரிச்சலும் சிரிப்புமாக, யாரோ.

"ஆமா தாயி. விட்டுட்டாங்க" என்றான்.

குருவம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒங்களுக்கே போட்டோக் கடை இருக்கேண்ணே. ஒரு படம் கொடுத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஷீனா போன் செய்தாள். கோப்பு முடிந்துவிட்டது, சாட்சியைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும், ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும். போனான். ரசீதில் 'பொருள்: ஏலக்காய். எண்ணிக்கை: ஒன்று. பெற்றுக்கொண்டபோது நிலை: நன்று' என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டான்.

உறையைக் கொடுத்துவிட்டு ஷீனா தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். "சேட்டா, நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது என் கர்ச்சீப் போட்டு மூடி வச்சிட்டுத்தான் போனேன். காலையில மேடம் வந்து எடுத்துடுவாங்க."

வெயில் ராத்திரியில் வருவதில்லை என்பது அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் சமிதியில் அந்த ஒரு கர்ச்சீப்புக்காகப் பாண்டீஸ்வரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

கடைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தான். திருத்தாத பழைய படம் பத்திரமாகத்தான் இருந்தது. இருந்து என்ன? திரை கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. செல்வி வைத்த அமைப்பு போய்விட்டது. சிவப்பைக் குறைத்தான், பச்சையைக் கூட்டினான். ஒரு தடவை இவள்தான் என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் இல்லை என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் கூட்டினான். வேறு யாரோ ஆனாள். தன் பெண்டாட்டியின் நிறம் தனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. படிவத்தில் 'தெரியும்' என்று எழுதிக் கொடுத்திருந்தான். இருபது வருஷமாக நிறம் பார்த்தது அவள், இவன் பொத்தானை அழுத்தியவன்தான். பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் திரும்பினான். ஸ்டூல் மேல் பழைய ஆல்பங்கள் அடுக்கியிருந்தன.

லேப்டாப்பை மூடிவிட்டு, உறையைக் கிழித்துக் காயை வெளியே எடுத்தான். வைக்கோல் நிறத்தில் சருகாக இருந்தது. டப்பாவில் போடப் போனவன், இனி எதற்கு என்று விரலால் நசுக்கினான். தோல் உடைந்தது.

உள்ளே விதைகள் கறுகறுவென்று அப்படியே இருந்தன. வாசனை குப்பென்று எழுந்து கடை முழுக்கப் பரவியது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஜீப்பை விட்டு இறங்கி அவள் உள்ளே வரும்போது, முதலில் வருகிற வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் கையை விட்டுப் போகாத வாசனை. பாண்டீஸ்வரன் உள்ளங்கையை முகத்தோடு சேர்த்துப் பொத்திக்கொண்டு, கடைக் கதவைச் சாத்தாமலே, வாய்விட்டு அழுதான்.

வாசனைக்குச் சமிதியில் இன்னும் பிரிவு தொடங்கவில்லை.